கப்பல் இருந்தது, ஆள் இல்லை: கடலூர்க் கடற்போர், 1783

சென்ற மாதம் புனித டேவிட் கோட்டையைப் பற்றி எழுதியபோது சுப்ரேன் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதியின் பெயரை ஒரே வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டேன். "புதுச்சேரியில் அவர் பெயரில் ஒரு வீதியே இருக்கிறதே, அப்படி என்னதான் செய்தார்?" என்று நண்பர்கள் இருவர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் பக்கத்துக் கடலில், சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருகோணமலை வரை, பதினாறு மாதத்தில் ஐந்து பெரிய கடற்போர்கள் நடந்திருக்கின்றன. பள்ளிக்கூடச் சரித்திரத்தில் நமக்கு வந்தவாசியும் பொள்ளிலூரும் சொல்லிக்கொடுத்தார்கள். கடலில் நடந்ததை யாரும் சொல்லித் தரவில்லை.

அந்த ஐந்து போர்களையும் வரிசையாகச் சொல்லப் போவதில்லை. எனக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்றுதான்: ஆள் பற்றாக்குறை. முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான். அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரம்பியது எத்தனை, காலி எத்தனை என்று மாதாமாதம் பட்டியல் போட்டே தலை நரைத்தது. அதனாலோ என்னவோ, பீரங்கிக் கணக்கைவிட ஆள் கணக்கில்தான் என் கண் நிற்கிறது.

முதலில் ஒரு போர்க்கப்பலுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று பார்ப்போம். அந்தக் காலத்தில் வழக்கமான பெரிய கப்பல் 74 பீரங்கிக் கப்பல். அதற்கு சுமார் 600 பேர் வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கும் மேலே வைப்பார்கள். இத்தனை பேர் எதற்கு? கீழ்த்தளத்துப் பெரிய பீரங்கி ஒன்று மூன்று டன் எடையை நெருங்கும். ஒவ்வொரு முறை சுட்டதும் அது பின்னால் உதைத்துக்கொண்டு வரும். உள்ளே துடைத்து, மருந்து போட்டு, குண்டு போட்டு, கயிற்றைப் பிடித்து இழுத்து மறுபடி துவாரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பீரங்கிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் இல்லாமல் காரியம் ஆகாது. அதே நேரத்தில் பாய்மரத்தில் ஏறிப் பாயைச் சுருட்டவும் விரிக்கவும் ஆள் வேண்டும். கொடிமரம் முறிந்தால் வெட்டித் தள்ள, ஓட்டை விழுந்தால் அடைக்க, தண்ணீர் இறைக்க, காயம்பட்டவனைத் தூக்க என்று எல்லாவற்றுக்கும் ஆள். ஆள் குறைந்தால் முதலில் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் மெதுவாகும். பிறகு பாயைத் திருப்புவது தாமதமாகும். கப்பல் மிதக்கும், ஆனால் சண்டை போடாது.

இந்த ஆட்களை எப்படிப் பிடித்தார்கள் என்பது தனிக்கதை. பிரான்சில் கோல்பேர் காலத்திலிருந்து ஒரு பதிவேட்டு முறை இருந்தது. கடற்கரையில் உள்ள மீனவர், மாலுமி எல்லோர் பெயரும் பதிவேட்டில் இருக்கும். முறை வைத்து அரசன் கப்பலில் வேலை செய்ய வேண்டும். பார்க்க ஒழுங்கான முறைதான். ஆனால் பதிவேட்டில் உள்ள பெயர்கள் தீர்ந்தால் முறையும் தீர்ந்தது. இங்கிலாந்தில் அந்த ஒழுங்கும் கிடையாது. துறைமுகத் தெருக்களில் தடியோடு ஒரு கும்பல் சுற்றும்; கடல் தெரிந்தவன் போல யார் கண்ணில் பட்டாலும் இழுத்துக்கொண்டு போவார்கள். வணிகக் கப்பல் திரும்பி வரும்போது நடுக்கடலிலேயே ஏறி ஆளைப் பறிப்பதும் உண்டு.

இவ்வளவு செய்தும் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1774 முதல் 1780 வரை பிரிட்டிஷ் கடற்படைக்குச் சேர்த்த ஆட்கள் 1,75,990 பேர். அவர்களில் எதிரி குண்டுக்குச் செத்தவர்கள் 1,243. நோயில் செத்தவர்கள் 18,541. ஓடிப்போனவர்கள் 42,069. நான் முதலில் இதைப் படித்தபோது அச்சுப் பிழையோ என்று நினைத்தேன். பிழை இல்லை. நூறு பேரைப் பிடித்தால் அதில் இருபத்து நான்கு பேர் ஓடியிருக்கிறார்கள், பத்துப் பேர் நோயில் போயிருக்கிறார்கள். போரில் செத்தவன் நூற்றுக்கு ஒருவன்கூட இல்லை.

இது ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் உள்ள நிலைமையையும் சேர்த்த கணக்கு. இனி நம் கடலுக்கு வாருங்கள். லண்டனிலிருந்து சென்னைக்கு வர ஆறு மாதம். ஒரு மாலுமி இங்கே இறந்தால், அந்தச் செய்தி போக ஆறு மாதம், மாற்று ஆள் வர ஆறு மாதம். வருகிற ஆளும் வழியிலேயே பாதி நோயாளி. பழுது பார்க்க உலர்துறை வேண்டுமென்றால் பம்பாய்க்குப் போக வேண்டும். சென்னையில் அப்போது துறைமுகமே இல்லை. கப்பல்கள் கரைக்கு வெகுதூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், ஒரு குடம் தண்ணீர்கூட மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் போக வேண்டும். இந்தக் கரையில் எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற இயற்கைத் துறைமுகம் திருகோணமலை ஒன்றுதான். ஐப்பசி மாதம் புயல் தொடங்கினால் அது கையில் இல்லாதவன் ஓடிவிட வேண்டியதுதான்.

1780இல் ஹைதர் அலி கர்நாடகத்துக்குள் இறங்கினார். பிரான்ஸ் ஏற்கெனவே இங்கிலாந்தோடு போரில் இருந்தது. புதுச்சேரி 1778இலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. இந்தச் சமயத்தில்தான் 1782 பிப்ரவரியில் சுப்ரேன் பிரெஞ்சுக் கப்பல்களோடு நம் கரைக்கு வந்தார். எதிரில் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸ். சுப்ரேன் பருத்த உடம்பு, அழுக்கு உடை, வாய் திறந்தால் வசவு. ஹியூஸ் நிதானமானவர், வரிசை கலையாமல் சண்டை போடுபவர். இருவரும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே முதல் போர். ஏப்ரல் 12 அன்று இலங்கையின் கிழக்குக் கரையில் பிராவிடியன் பாறைக்குப் பக்கத்தில் இரண்டாவது. இந்த ஒரே நாளில் ஆங்கிலேயர் பக்கம் 137 பேர் சாவு, 430 பேர் காயம். பிரெஞ்சுப் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவே. ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு எதிரே மூன்றாவது. அதில் பிரெஞ்சுக்காரர்களுக்குத்தான் அடி அதிகம், 178 பேர் சாவு, 600 பேர் காயம். செப்டம்பர் 3 அன்று திருகோணமலைக்கு வெளியே நான்காவது. இந்த நான்கிலும் சரி, பின்னால் வந்த ஐந்தாவதிலும் சரி, ஒரு பெரிய போர்க்கப்பலைக்கூட யாரும் பிடிக்கவும் இல்லை, மூழ்கடிக்கவும் இல்லை. இரண்டு பக்கமும் கப்பல் மிச்சம். குறைந்துகொண்டே போனது ஆள்தான்.

சுப்ரேன் என்ன செய்தார் என்பதுதான் சுவாரஸ்யம். அவருக்கு இந்தியாவில் ஒரு துறைமுகமும் இல்லை. மொரீஷியஸுக்குத் திரும்பி வரச்சொல்லி உத்தரவு வந்தது, அவர் போகவில்லை. தான் போனால் ஹைதர் அலி ஆங்கிலேயரோடு சமாதானம் பேசிவிடுவார் என்று அவருக்குத் தெரியும். மே மாதம் முழுவதும் மட்டக்களப்பில் நங்கூரம் போட்டு, நோயாளிகளைக் கரையில் இறக்கிக் கிடத்தி, காட்டு மிருகங்களை வேட்டையாடிக் கறி கொடுத்துத் தேற்றினார். நாகைப் போருக்குப் பிறகு கடலூரில் வந்து நின்றபோது மரம் இல்லை. ஊரில் வீடுகளை இடித்து உத்தரங்களை எடுத்துக் கப்பலுக்குப் போட்டார். (நம் ஊர்ப் பழைய வீட்டுத் தேக்கு உத்தரங்களில் எத்தனை இப்படிக் கடலில் போனதோ!) ஆகஸ்ட் கடைசியில் மின்னல் போலப் போய்த் திருகோணமலையைப் பிடித்தார். அதற்குப் பின் அவருடைய கப்பல்களில் ஒன்று திருகோணமலையிலும் இன்னொன்று கடலூரிலும் தரைதட்டி உடைந்தன. கப்பல் போனது நஷ்டம்தான். ஆனால் அவற்றின் மாலுமிகளும் பாய்மரங்களும் மற்றக் கப்பல்களுக்குக் கிடைத்தன. இரண்டு அலுவலகத்தை மூடி மற்ற அலுவலகத்தின் காலியிடத்தை நிரப்பிய மாதிரி.

இந்தக் கதையில் மனதை உறுத்துகிற ஒரு பகுதியும் இருக்கிறது. சுப்ரேனிடம் நூற்றுக்கணக்கான ஆங்கிலேயக் கைதிகள் இருந்தார்கள். ஹானிபல் என்ற 50 பீரங்கிக் கப்பலை அவர் வரும் வழியிலேயே பிடித்திருந்தார். கைதிகளைப் பரிமாறிக்கொள்ளலாம் என்று கேட்டுப் பார்த்தார்; ஆங்கிலேயர் இணங்கவில்லை. ஏன் என்று யோசித்தால் ஆள் கணக்குதான் தெரிகிறது. பழகிய மாலுமி ஒருவனைத் திருப்பித் தருவது எதிரியின் ஒரு காலியிடத்தை நிரப்பித் தருவது. இதை ஆங்கிலேயர் நன்றாக அறிந்தவர்கள். 1755இல் போர் அறிவிக்கும் முன்பே பிரெஞ்சு வணிகக் கப்பல்கள் சுமார் 300ஐ மடக்கி, ஆறாயிரம் மாலுமிகளுக்குக் குறையாமல் சிறைவைத்தவர்கள் அவர்கள். அந்தப் போர் முழுவதும் பிரெஞ்சுக் கடற்படை அதிலிருந்து மீளவில்லை.

சுப்ரேனால் கைதிகளுக்குச் சோறு போடவும் முடியவில்லை, காவலுக்கு ஆளும் இல்லை. கடலூரில் அவர்களை இறக்கி ஹைதர் அலியிடம் ஒப்படைத்துவிட்டார். அங்கிருந்து சிதம்பரம், பிறகு மைசூர்ச் சீமை. அவர்களில் ஜேம்ஸ் ஸ்கரி என்ற சிறுவன் ஹானிபல் கப்பலில் வந்தவன். பத்து வருஷம் கழித்துத்தான் தப்பினான். அவனுடைய சிறைவாச நினைவுகள் பின்னால் புத்தகமாக வந்தன. சுப்ரேனை எவ்வளவு புகழ்ந்தாலும் இந்த இடத்தில் எனக்குக் கை தயங்குகிறது. அதே சமயம், பரிமாற்றத்தை மறுத்தவர்களுக்கும் அந்தச் சிறுவனின் பத்து வருஷத்தில் பங்கு உண்டு.

ஹியூஸின் பாடு என்ன? திருகோணமலை போனபின் அவருக்குப் புயலுக்கு ஒதுங்க இடமில்லை. 1782 அக்டோபர் நடுவில் சென்னையில் அடித்த புயலில் அரிசி ஏற்றி வந்த நாட்டுக் கப்பல்கள் கூட்டம் கூட்டமாகக் கரையில் மோதி உடைந்தன. ஹைதரின் படைக்குப் பயந்து ஏற்கெனவே கிராமத்து ஜனங்கள் சென்னையில் வந்து குவிந்திருந்தார்கள். அந்த அரிசியும் போனதும் பஞ்சம் கொன்றது. ஹியூஸ் சிதைந்த கப்பல்களோடு பம்பாய்க்குப் போனார். அவர் கிளம்பிய சில நாளில், இங்கிலாந்திலிருந்து பிக்கர்டன் ஐந்து கப்பல்களோடு சென்னைக்கு வந்து சேர்ந்தார். ஆள் இல்லாத ஊரில் வந்து நின்று, அவரும் பம்பாய்க்கே போனார்.

இதனால் 1783 ஏப்ரலில் ஹியூஸ் திரும்பி வரும்போது அவரிடம் 18 கப்பல்கள். சுப்ரேனிடம் 15. காகிதத்தில் பார்த்தால் சந்தேகமே இல்லை. ஹைதர் முந்தின டிசம்பரில் காலமாகிவிட்டார். பிரெஞ்சுப் படைத்தலைவர் புஸ்ஸி, வயதாகி மூட்டு வலியோடு, கடலூருக்குள் இருந்தார். ஜூன் மாதம் ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் பெரும் படையோடு வந்து கடலூரை வளைத்தார். ஜூன் 13 அன்று வண்டிப்பாளையம் மேட்டில் நடந்த சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் சாவும் காயமுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர். அப்படி ரத்தம் சிந்தியும் பிரெஞ்சுக்காரர்களை ஊருக்குள் தள்ளிவிட்டார்கள். இனி ஸ்டூவர்ட்டுக்கு வேண்டியதெல்லாம் அரிசியும் மருந்தும் குண்டும் கடல் வழியாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அதற்குக் காவல் ஹியூஸின் 18 கப்பல்கள்.

அந்தக் கப்பல்களுக்குள் நிலைமை வேறு. ஸ்கர்வி. பழமும் பச்சைக் காய்கறியும் இல்லாமல் உப்புக்கறியும் காய்ந்த ரொட்டியுமே மாதக்கணக்கில் தின்றால் வருவது. ஈறு வீங்கி ரத்தம் கசியும், பழைய தழும்பு திறந்துகொள்ளும், எழுந்து நிற்க முடியாது. ஜூன் நடுவில் ஹியூஸின் கப்பல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிக் கிடந்தார்கள். இரண்டு 74 பீரங்கிக் கப்பலுக்கு ஆளே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். குடிதண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது.

சுப்ரேனின் கப்பல்களும் ஆளில்லாமல்தான் வந்தன. பல கப்பல்கள் பழுது பார்க்காமல் ஒழுகின. ஜூன் 17 மாலை, ஹியூஸ் கடலுக்குள் விலகியிருந்த நேரம் பார்த்து, சுப்ரேன் கடலூருக்கு எதிரே வந்து நங்கூரம் போட்டார். புஸ்ஸியிடம் ஆள் கேட்டார். முற்றுகையில் இருக்கிற கோட்டையிலிருந்து 1,200 பேர் படகேறிக் கப்பலுக்குப் போனார்கள்: 600 ஐரோப்பியர், 600 சிப்பாய்கள்.

இந்த முடிவை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அன்றிரவு ஸ்டூவர்ட் மதில் ஏறியிருந்தால் கடலூர் விழுந்திருக்கும். மறுபுறம், கடலில் சுப்ரேன் தோற்றிருந்தால் அந்த 1,200 பேரும் போயிருப்பார்கள், ஊரும் போயிருக்கும். ஆனாலும் கணக்கு சரியான கணக்கு. தரைப்படைச் சிப்பாயைப் பாய்மரத்தில் ஏற்ற முடியாது. அதற்குச் சிறு வயதிலிருந்தே பழக வேண்டும். ஆனால் பீரங்கிக் கயிற்றை இழுக்க ஒன்றிரண்டு நாளில் பழக்கலாம். அவர்களைப் பீரங்கியில் நிறுத்திவிட்டால், தெரிந்த மாலுமிகளைப் பாய்க்கு விடுவிக்கலாம். நம் அலுவலகத்தில் மாற்றுப்பணி என்று ஆளை வாங்கி, அவருக்குத் தெரியாத இருக்கையில் உட்கார வைத்துப் பெயருக்குக் காலியிடத்தை நிரப்புவார்களே, அப்படி அவர் செய்யவில்லை.

காற்று சரியில்லாமல் இரண்டு நாள் போனது. ஜூன் 20 மாலை நான்கு மணிக்குமேல் இரண்டு வரிசைகளும் நெருங்கின. இருட்டும் வரை சுட்டுக்கொண்டார்கள். இந்தப் போரில் சுப்ரேன் தன் பெரிய கப்பலில் இல்லை. கிளியோபாத்ரா என்ற சிறு கப்பலில் ஏறி வரிசைக்கு வெளியே நின்றார். முந்தின வருஷம் மேற்கிந்தியத் தீவுகளில் ஒரு பிரெஞ்சுத் தளபதி கப்பலோடு பிடிபட்டதால், தளபதிகள் இனி இப்படித்தான் நிற்க வேண்டும் என்று பிரெஞ்சு அரசன் உத்தரவு. அவருக்கு அது பிடித்திருக்காது. ஆங்கிலேயர் பக்கம் 99 பேர் சாவு, பிரெஞ்சுப் பக்கம் 102. காயம் இரண்டு பக்கமும் நானூறை ஒட்டி. சண்டை என்ற அளவில் யாருக்கும் வெற்றி இல்லை.

ஆனால் மறுநாள், அதற்கு மறுநாள் என்ன நடந்தது என்பதைப் பாருங்கள். ஹியூஸிடம் இனி காயம்பட்ட நானூற்றுச் சொச்சம் பேரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்கர்வி நோயாளிகள் அப்படியே. தண்ணீர் இல்லை. அவர் சென்னைக்குத் திரும்பினார். ஜூன் 25 வாக்கில் போய்ச் சேர்ந்தார். சுப்ரேன் கடலூருக்கு வந்து நங்கூரம் போட்டு, இரவல் வாங்கிய 1,200 பேரையும் திருப்பித் தந்ததோடு, தன் மாலுமிகளிலும் ஒரு பகுதியை ஊர்க்காவலுக்கு இறக்கினார். 15 கப்பல்காரர் நிற்கிறார், 18 கப்பல்காரர் போய்விட்டார். வளைத்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் இப்போது முதுகில் கடலும் இல்லாமல், பின்வழியில் உணவும் இல்லாமல் நின்றார். ஜூன் 25 அன்று பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கினார்கள். அதை ஸ்டூவர்ட் முறியடித்துவிட்டார். இருந்தாலும் இன்னும் சில வாரம் போயிருந்தால் அந்தப் படை என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜூன் 29 அன்று மெடியா என்ற ஆங்கிலேயக் கப்பல் சமாதானக் கொடியோடு கடலூருக்கு வந்தது. ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி. முதற்கட்ட உடன்படிக்கை வெர்சாயில் கையெழுத்தான தேதி அந்த வருஷம் ஜனவரி 20. ஐந்து மாதத்துக்கு முன். வண்டிப்பாளையத்தில் விழுந்தவர்களும், கடலில் போன இருநூறு பேரும், முடிந்துபோன போரில் செத்தவர்கள்.

ஸ்கர்விக்கு மருந்து அப்போது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் 1747இலேயே ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துச் சோதித்துப் பார்த்து, 1753இல் புத்தகமும் எழுதிவிட்டார். மேலிடத்தில் கோப்பு நகரவில்லை, அவ்வளவுதான். ஹியூஸின் ஆட்கள் ஈறு வீங்கிக் கிடந்த இடத்திலிருந்து கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம். கரையில் எலுமிச்சை என்ன விலை விற்றிருக்கும்?

1794 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து சபோக் என்ற 74 பீரங்கிக் கப்பல் ரெய்னியர் தலைமையில் கிளம்பியது. ஒவ்வொருவருக்கும் தினமும் கொஞ்சம் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் அவர்கள் குடிக்கும் சாராயத்தில் கலந்து கொடுத்தார்கள். நடுவில் எந்தக் கரையிலும் காய்கறி ஏற்றவில்லை. 23 வாரத்துக்குப் பிறகு செப்டம்பரில் சென்னைக்கு வந்து சேர்ந்தபோது ஸ்கர்வியில் ஒருவர்கூட இறக்கவில்லை. வழியில் அறிகுறி கண்ட சிலருக்குச் சாற்றைக் கூட்டிக் கொடுத்ததும் தேறிவிட்டார்கள். லிண்ட் இதைக் கேட்க உயிரோடு இல்லை. அந்தக் கப்பல் கடலில் இருந்த ஜூலை மாதம்தான் காலமானார். மறு வருஷம் எலுமிச்சைச் சாறு கடற்படை முழுவதற்கும் அனுமதிக்கப்பட்டது. அதே 1795 ஆகஸ்டில் ரெய்னியரின் கப்பல்கள் திருகோணமலைக்குப் போய், டச்சுக்காரர்களிடமிருந்து அதைப் பிடித்துக்கொண்டன.